இருமுபவருக்கு முதல் நடை

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் லேப் டெக்னீசியன். ரத்தம், சிறுநீர், சளி இவற்றைப் பார்ப்பது என் வேலை. மனிதர்களைப் பார்ப்பது என் வேலையில்லை. அதனால்தான் இந்தப் படிப்பையே எடுத்தேன். கண்ணாடித் துண்டின் மேல் இருப்பவை எதிர்த்துப் பேசுவதில்லை. "நீ யாரு பொண்ணு?" என்று கேட்பதுமில்லை.

மார்கழி மாதம் ஒரு காலையில் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, பழவேற்காடு ஷேர் ஆட்டோ ஓட்டுநர்களுக்குச் சளி, இருமல், காசநோய் பரவாமல் தடுப்பது பற்றி வகுப்பு எடுக்க வேண்டும் என்றார். அந்த மாதம் வெளிநோயாளிகளில் பாதிப் பேர் இருமிக்கொண்டே வந்தார்கள். எந்த ஊர் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு குப்பம் சொன்னார்கள். எப்படி வந்தீர்கள் என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள்.

"நானா மேடம்?"

"உங்கப்பா அந்த ஸ்டாண்டுதானே? நீ சொன்னா கேப்பாங்க."

இவற்றில் முதல் வாக்கியம் உண்மை.

எனக்கு எதையும் வரிசை போட்டு எழுதினால்தான் மனம் அடங்கும். ஐந்து குறிப்புகள் எழுதி, பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்தேன். ஒன்று, ஆட்டோவின் படுதாவைச் சுருட்டிக் காற்று போகவிட வேண்டும். இரண்டு, இருமல் தும்மல் வந்தால் முழங்கையை மடக்கி அதற்குள் இரும வேண்டும். மூன்று, சளி இருப்பவர் மாஸ்க் போட வேண்டும். நான்கு, இருமுகிறவர் மற்றவர்களோடு நெருங்கி உட்காரக் கூடாது. ஐந்து, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால் சளிப் பரிசோதனை. இவற்றில் நான்காவது குறிப்புதான் பின்னால் ஸ்டாண்டைக் கவிழ்க்கப் போகிறது என்று எழுதும்போது தெரியவில்லை. ஐந்திலும் சாதுவானது அதுதான் என்று நினைத்திருந்தேன்.

ஸ்டாண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஏரியில் வலை போடும் இடங்களை யாரும் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ள முடியாது. இன்றைக்கு இந்த இடம் இவருக்கு, நாளைக்கு அவருக்கு என்று முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். ஒருவர் பாட்டில் இன்னொருவர் வலை போட்டால் ஊர்ப் பஞ்சாயத்து கூடிவிடும். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்தக் குடும்பங்களில் பிறந்தவர்கள். வலையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார்களே தவிர, பாட்டை விடவில்லை. ஸ்டாண்டில் யார் முதல் நடை, யார் இரண்டாவது நடை என்பது பொழுது விடியும் முன் தீர்மானமாகிவிடும். மீன்காரப் பெண்கள் கூடையோடு பொன்னேரிக்குப் போவது முதல் நடையில்தான். வண்டி உடனே நிரம்பும். பத்தாவது நடைக்காரர் பறவை பார்க்க வருகிற சென்னைக்காரர்களுக்காகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். முறை வரும்போது ஆள் இல்லையென்றால் முறை போச்சு. காரணம் கேட்க மாட்டார்கள். டீ குடிக்கப் போனாலும் சரி, பெண்டாட்டிக்குப் பிரசவம் என்றாலும் சரி.

என் அப்பா, நான் கூப்பிடுவது நைனா, இதே ஸ்டாண்டில்தான் ஓட்டுகிறார். அவர் ஆட்டோவை ஊரில் எல்லாரும் ஏ.சி. வண்டி என்பார்கள். ஏ.சி. எல்லாம் கிடையாது. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் மற்றவர்கள் தார்ப்பாயைக் கயிற்றால் கட்டித் தொங்கவிடுவார்கள். நைனா ஒரு கல்யாண ஃபிளெக்ஸ் பேனரை அளவெடுத்து வெட்டி, தையற்காரரிடம் கொடுத்து, ஜிப் வைத்துத் தைத்திருந்தார். ஜிப்பை இழுத்தால் எறும்பு நுழைய இடமில்லை. இரண்டு பக்கமும் யாரோ ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். மீன்காரப் பெண்களுக்கு அந்த வண்டி என்றால் உயிர். உள்ளே உட்கார்ந்தால் காது குளிராது. மீன் வாசனையும், ஊதுவத்திப் புகையும், எட்டுப் பேரின் மூச்சும் பொன்னேரி வரை பத்திரமாகப் போய்ச் சேரும்.

அந்த நைனாதான் சில வாரங்களாக இருமிக்கொண்டிருந்தார்.

கேட்டால் "பனி" என்பார். மறுபடி கேட்டால் "தூசு". மூன்றாம் முறை கேட்டால், "நீ ஆஸ்பத்திரியில வேல செஞ்சிக்கினு எல்லாத்தையும் நோவா பாக்கற" என்பார்.

அதே வாரம் பொன்னேரி ஆஸ்பத்திரியில் என் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. எங்கள் வீட்டில் அடுத்த தலைமுறைக்கு முதல் குழந்தை. எடை கொஞ்சம் குறைவு என்று சில நாள் வைத்துப் பார்த்து வெள்ளிக்கிழமை அனுப்புவதாகச் சொன்னார்கள். பிரசவ வார்டுக்குள் ஆண்களை விடுவதில்லை என்பதால் நைனா பேரனை போனில்தான் பார்த்திருந்தார். அந்தப் படத்தில் ஒரு துண்டும், துண்டுக்குள் ஒரு மூக்கும் தெரிந்தன. அதை ஸ்டாண்டில் எல்லாருக்கும் காட்டினார். "வெள்ளிக்கிழம என் வண்டியில என் பேரன் வரான்" என்று எங்கள் ஊர் கோட்டைக்குப்பம் முழுக்கச் சொல்லியாயிற்று. பலூனும் சீரியல் லைட்டும் வாங்கியாயிற்று.

அக்காவோடு இருந்த அம்மா போனில் என்னிடம் சொன்னது வேறு. "நர்ஸம்மா கண்டிசனா சொல்லிட்டாங்கடி. பச்ச உடம்பு. இருமல், சளி இருக்கறவங்க யாரும் கிட்ட வரக்கூடாதாம். உங்க நைனாகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா சண்டைக்கு வருவாரு."

ஆக, வகுப்புக்குப் போகும்போது என் பையில் லேமினேட் தாள், மாஸ்க் கட்டு, சளி டப்பாக்கள் இருந்தன. மனதில் ஒரே ஒரு ஆள் இருந்தார்.

ஸ்டாண்டுத் தலைவர் பழவேற்காடு டவுன்காரர். எல்லாருக்கும் பாய். எனக்கு மட்டும் பாய் மாமா; அவருக்கு நான் பேட்டி, உருதுவில் மகள். அவர் விசில் ஊதி எல்லாரையும் கொட்டகைக்குள் உட்கார வைத்தார். முறை வந்திருந்தவர் மட்டும் ஸ்டியரிங்கை விடாமல் வண்டிக்குள்ளிருந்தே கேட்டார். நைனா கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், பாதி முகம் மட்டும் தெரிய உட்கார்ந்தார்.

முதல் குறிப்பைச் சொல்லி முடிப்பதற்குள், பக்கத்தில் கூடையோடு நின்றிருந்த மீன்கார அத்தை உள்ளே வந்துவிட்டார். அவர் ஓட்டுநர் இல்லை. ஆனால் எந்த ஓட்டுநரும் அவரை வெளியே போ என்று சொன்னதில்லை.

"இன்னாடி சொல்ற? படுதாவத் தூக்கணுமா? வாடக்காத்துல காது பிச்சிக்கினு போவுது. நீ ஆபீஸ்ல ஃபேன் கீழ குந்திக்கினு சொல்ற."

"அத்தை, மூடுன வண்டியில ஒருத்தர் இருமினா எட்டுப் பேருக்கும்..."

"எட்டுப் பேருக்கும் காது நோவு வந்தா நீ வந்து பாப்பியா?"

பாய் மாமா குறுக்கே வந்தார். "அரே, பொண்ணு படிச்சிட்டு வந்து சொல்லுது. கேளேன்."

"படிச்சத நீ கேளு பாய். உன் வண்டியில நான் ஏறுனா காத்துல பொன்னேரிக்கு நான் ஒரு பக்கம் போவேன், கூட ஒரு பக்கம் போவும்."

கொட்டகை சிரித்தது. நான் மறுபடி யோசித்து, குறிப்பைத் திருத்தினேன். வாடைக்காற்று வடக்கிலிருந்து வருகிறது. பொன்னேரிக்குப் போகும்போது வடக்கு வலப்பக்கம், திரும்பும்போது இடப்பக்கம். காற்று அடிக்கும் பக்கத்தை மூடி, மறுபக்கத்தையும் பின்பக்கத்தையும் திறந்து வையுங்கள் என்றேன். அத்தை சற்று யோசித்தார். "அப்ப நான் மூடுன பக்கம்தான் குந்துவேன்" என்று இடத்தைப் பதிவு செய்துகொண்டு வெளியே போனார்.

முழங்கையில் இருமுவதை எல்லாரும் செய்து காட்டினார்கள். பயில்வான்கள் படம் எடுத்துக்கொள்ள நிற்பது மாதிரி இருந்தது. இரண்டு வார இருமல் என்றதும் நான் தூணைப் பார்த்தேன். தூண் அசையவில்லை.

மாஸ்க்கையும் டப்பாவையும் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் அந்தப் பக்கம் போனபோது எல்லா ஆட்டோவிலும் மாஸ்க் இருந்தது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில், எலுமிச்சம்பழம் மிளகாய்க்குப் பக்கத்தில், கண் திருஷ்டிக்குத் துணையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஆட்டோவில் சளி டப்பா டேஷ்போர்டில் ஒட்டப்பட்டு உள்ளே விபூதி இருந்தது. "நல்ல மூடிமா, காத்துல பறக்கல" என்று அதன் சொந்தக்காரர் நன்றி சொன்னார்.

அதைவிடப் பெரிய விஷயம் அன்று சாயந்திரம் நடந்தது. பாய் மாமா போன் செய்தார்.

"பேட்டி, நீ சொன்னத ஸ்டாண்டுல கூட்டம் போட்டுப் பேசி ரூலாவே ஆக்கிட்டோம்."

"எதை மாமா?"

"அந்த நாலாவது. இருமுறவன் மத்தவங்களோட நெருங்கி குந்தக்கூடாதுன்னியே. கொட்டகை இருக்கறதே இத்தினியூண்டு. எங்க தள்ளி குந்த வைக்கிறது? அதான், இருமுறவன் எவனோ அவன் குந்தவே வேணாம், முதல் நடை எடுத்துக்கினு ஜல்தியா கிளம்பிடணும்னு ரூல் போட்டுட்டோம். எப்பிடி?"

அந்த ரூலில் என்ன பிழை என்று வரிசையாகச் சொல்ல மூன்று காரணங்கள் இருந்தன. முதல் காரணத்தைத் தொடங்குவதற்குள் அவர், "ஓட்டு எடுத்தோம்மா. ஒருத்தன்கூட எதிர்க்கல" என்று பெருமையோடு வைத்துவிட்டார்.

ஏன் எதிர்க்கவில்லை என்பது விடிந்ததும் தெரிந்தது.

பனி விலகாத நேரத்தில் ஸ்டாண்டுக்குப் போனேன். ஆட்களைப் பார்ப்பதற்கு முன் சத்தம் கேட்டது. நான் மாதிரிகளை வகை பிரித்துப் பழகியவள், அங்கேயும் தானாகவே வகை பிரித்தேன். தொண்டையைச் செருமுவதை இருமல் என்று நம்பவைக்கப் பார்ப்பவர்கள் ஒரு வகை. வயிற்றிலிருந்து உருட்டி எடுத்துக் கண்ணில் நீர் வரவழைப்பவர்கள் இன்னொரு வகை. விபூதி டப்பாக்காரர் முழங்கையை மடக்கி, சுத்தமாக, நான் சொல்லிக்கொடுத்தபடியே பொய்யாக இருமினார். நடுவில் பாய் மாமா விசிலோடு நின்று, எவருடைய இருமல் பெரியது என்று தீர்ப்புச் சொல்ல முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்.

"நான் நேத்து ராத்திரியே இருமினேன் பாய், எம் பொண்டாட்டியக் கேளு!"

"உன் பொண்டாட்டிக்கு உன் கொறட்டைக்கும் இருமலுக்கும் வித்தியாசம் தெரியுமாடா?"

"டேய், அவன் நெஞ்சுல கை வச்சிப் பாருங்கடா, ஒண்ணுமே இல்ல!"

மீன்கார அத்தை கூடையை இறக்கவே இல்லை. இடுப்பில் கை வைத்து மொத்த வரிசையையும் பார்த்தார். "இது ஆட்டோ ஸ்டாண்டா, டி.பி. ஆஸ்பத்திரியா? ஒருத்தன் வண்டியிலயும் ஏற மாட்டேன். இருமாதவன் எவனாவது கீறானா?"

ஒருவர் இருந்தார். வரிசையின் கடைசியில், ஜிப் போட்ட வண்டியின் முன்னால், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, முகம் சிவக்க என் நைனா நின்றிருந்தார். அந்த ஸ்டாண்டில் நிஜமாகவே இருமல் உள்ள ஒரே மனிதர். இருமினால் முதல் நடை கிடைக்கும். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருமினால் பரிசோதனை, பரிசோதனை என்றால் வெள்ளிக்கிழமை போச்சு என்பது அவர் கணக்கு.

அத்தை நேராக அவரிடம் போனார். "வாண்ணா, நீ ஒருத்தன்தான் ஒழுங்கா கீற." கூடைகள் ஏறின. பெண்கள் ஏறினார்கள். நைனா ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டிவிட்டு ஐஸ் பெட்டிகள் அடுக்கியிருந்த கடையின் பின்னால் ஓடினார். அங்கிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு அதுவரை நடித்துக்கொண்டிருந்த எல்லாரும் நிறுத்திவிட்டார்கள்.

"அதான்டா இருமல்" என்றார் விபூதி டப்பாக்காரர், மரியாதையோடு.

நைனா திரும்பி வந்தபோது அத்தை இறங்கி நின்றிருந்தார். அவர் யாரையும் திட்டவில்லை. அதுதான் நைனாவுக்கு அதிகமாக உறைத்திருக்க வேண்டும். வண்டியைத் திருப்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் மதியம் சாப்பிடப் போனபோது வாசலில் ஆட்டோ நின்றிருந்தது. ஜிப் மூடியிருந்தது. பேனரில் இருந்த மாப்பிள்ளையின் வயிறு புடைத்தது, அமுங்கியது. பெண்ணின் கன்னம் ஒருமுறை உப்பியது. உள்ளே உட்கார்ந்து அவர் இருமிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் இருமினால் எனக்குக் கேட்கும் என்று அங்கே போயிருக்கிறார். நான் ஜிப்பைத் திறந்தேன்.

"நைனா."

"பனி" என்றார்.

மத்தியான வெயில் அவர் மேல் அடித்தது. நானும் ஏறி எதிரில் உட்கார்ந்தேன், முதலில் இரண்டு பக்கப் படுதாவையும் சுருட்டிக் கட்டிவிட்டு. மாப்பிள்ளையும் பெண்ணும் மேலே போனார்கள்.

"டப்பாவுல சளி குடு நைனா. நாளைக்கே பாத்துடலாம்."

"யாரு பாக்கறது?"

"நான்தான். லேபுல வேற யாரு கீறா?"

"அய்ய! என் சளிய என் பொண்ணு பாக்கறதா? மானமே போயிடும்."

"ஊர்ல எல்லார்துமே நான்தான் பாக்கறேன்."

"யார் யார்து பாத்த?" என்று ஆர்வமாகக் கேட்டார். சொல்ல மாட்டேன் என்றேன். அது அவருக்குப் பிடித்திருந்தது போலத் தெரிந்தது. பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டே, "இருக்குன்னு வந்தா ஸ்டாண்டுல எவனும் கிட்ட சேக்க மாட்டான். அது போவட்டும். பையன நான் பாக்கவே இல்லியே" என்றார். "மூக்கு மட்டும்தான் பாத்தேன்."

"இருந்தா மருந்து கீது. இல்லன்னு தெரிஞ்சா நிம்மதி. தெரியாம எப்பிடி அவன் பக்கத்துல உக்காருவ?"

"டெஸ்டு நல்லா வந்தா நான்தான் ஓட்டுவேன்."

"டெஸ்டு நல்லா வரட்டும்" என்றேன். நான் சொன்னதும் அவர் சொன்னதும் ஒன்றில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் முதலில் சளி வேண்டும்.

இன்னொரு சிக்கல் இருந்தது. காலையில் எழுந்ததும் வரும் சளி வேண்டும், அந்த நேரத்தில் அவருக்கு முறை இருந்தது. முறையை விடச் சொன்னால் அதை ஒரு காரணமாக்கி வராமலே இருந்துவிடுவார். சாயந்திரம் பாய் மாமாவிடம் போனேன். அவர் அன்றைய காலையின் அவமானத்தில் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டு வைத்திருந்தார்.

"ரூலை எடுத்துடட்டுமா பேட்டி?"

"வேணாம் மாமா. ஓட்டு எடுத்துப் போட்ட ரூல். கூட ஒரு வரி மட்டும் சேத்துக்குங்க."

மறுநாள் காலை முந்தின நாள் போலவே இருமல் ஆரம்பித்ததும் பாய் மாமா விசில் ஊதினார். "இருமுறவனுக்கு முதல் நடை. அதுல மாத்தம் இல்ல. ஆனா அந்த நடைக்கு சவாரி கிடையாது. நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி டப்பாவுல துப்பிட்டு, சீட்டு வாங்கிக்கினு வரணும். திரும்பி வர்ற வரைக்கும் அவன் பாட்டுல எவனும் கை வைக்கக் கூடாது. இப்ப சொல்லு, யார் யாருக்கு இருமல்?"

பனிக்குள் ஒரு காகம் கத்தியது. வேறு சத்தம் இல்லை.

"உனக்கு?"

"போயிடுச்சி பாய்."

"உனக்கு? நேத்து உயிரே போறாப்புல இருமினியே?"

"சுக்கு கஷாயம் பாய். பிரமாதமா கேக்குது."

பாய் மாமா என்னைப் பார்த்தார். "ஒரே விசில்ல ஊரையே குணப்படுத்திட்டேன் பாத்தியா?"

அப்போது வரிசையிலிருந்து ஒரே ஒரு இருமல் வந்தது. நைனா, முழங்கையை மடக்கி, எல்லார் எதிரிலும். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியதும், அது நின்றிருந்த இடத்தில் மீன்கார அத்தை ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து வைத்தார். "இதத் தாண்டி எவனாவது வண்டிய வச்சான்னா, டயர்ல மீன் முள்ளு ஏத்துவேன்."

சளி எடுப்பது திறந்த வெளியில் நடக்க வேண்டும். எங்கள் நிலையத்தின் பின்னால் வேப்பமரத்தடியை அதற்கு ஒதுக்கியிருக்கிறோம். நான் எட்ட நின்றேன். முதல் டப்பாவை நைனா வெற்றிகரமாக நீட்டினார். பார்த்தேன்.

"இது எச்சில் நைனா."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல. நல்லா மூச்சு இழு. நெஞ்சுக்குள்ளேர்ந்து வரணும்."

"நெஞ்சுக்குள்ளேர்ந்து இன்னா வரும், உங்கம்மா மேல இருக்கற கோவம்தான் வரும்."

ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மா உள்ளேயிருந்து சிரித்தார். நைனா வெட்கத்தில் ஒருமுறை சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் ஒழுங்கான மாதிரியாக டப்பாவுக்குள் வந்து சேர்ந்தது. மறுநாள் காலை இன்னொன்று. அதற்குள் டாக்டரம்மா நெஞ்சில் ஸ்டெத்தை வைத்துப் பார்த்து மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

என் வேலையில் நான் அவசரப்படுவதில்லை. சாயம் ஏற்றி, கழுவி, காயவிட்டு, மைக்ரோஸ்கோப்பின் கீழ் இம்மி இம்மியாக நகர்த்திப் பார்ப்பேன். அன்றும் அப்படித்தான் பார்த்தேன். பிறகு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு, மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். இரண்டு மாதிரியிலும் காசநோய்க் கிருமி இல்லை. மெஷினில் போட்டுப் பார்த்ததிலும் இல்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் சொன்னேன். அவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, உலகத்திலேயே தூய்மையான மனிதரைப் போல டாக்டரம்மா அறைக்குள் போனார். "அப்ப நாளைக்குப் பையன நான் கூட்டிக்கினு வரேன் மேடம்."

டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "டி.பி. இல்லை. சந்தோஷம். ஆனா நெஞ்சுல தொற்று இருக்கு. இப்பத்தான மாத்திரை ஆரம்பிச்சிருக்கீங்க? இருமல் முழுசா நிக்கற வரைக்கும் குழந்தைகிட்ட போக வேண்டாம். ஒரே வண்டியிலயும் வேண்டாம்."

நைனா என் பக்கம் திரும்பினார். "டெஸ்டு நல்லா வந்துச்சின்னியே?"

"டெஸ்டு நல்லாத்தான் வந்துது நைனா."

"இருமல்?"

"இருமல் கீதே."

அவர் அதற்குப் பிறகு வாக்குவாதம் செய்யவில்லை. வீட்டுக்கு வந்து, ஆட்டோவில் கட்டி வைத்திருந்த பலூன்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றைத் தொட்டார். ஆனால் அவிழ்க்கவில்லை. நான் வாசலிலேயே நின்றேன்.

வெள்ளிக்கிழமை காலை, குழந்தையைப் பாய் மாமா வண்டியில் கூட்டிவருவது என்று முடிவாயிற்று. அவர் வண்டி மூடுவதற்கு ஒன்றுமில்லாதது, ஆகவே நான் அங்கீகரித்தது. அதிலும் காற்று அடிக்கும் பக்கம் ஒரு போர்வையைக் கட்டச் சொன்னேன். வெயில் ஏறிய பிறகே கிளம்ப வேண்டும் என்றேன். பாய் மாமா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, புது மாஸ்க்கோடு வந்தார். நைனாவின் ஆட்டோ பலூனும் சீரியல் லைட்டுமாகத் தனியாக நின்றது. நைனா அதன் பின் சீட்டில் சவாரிக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பாய் மாமா வண்டியை விட்டு இறங்கி அவரிடம் வந்தார்.

"இன்னா ஓய், குந்திக்கினு இருக்க? உனக்கு இருமல் கீதா, இல்லியா?"

"கீது. அதான் எல்லாரும் சொல்றீங்களே."

"அப்ப ஸ்டாண்டு ரூலு இன்னா?"

நைனா நிமிர்ந்தார்.

"இருமுறவனுக்கு முதல் நடை. சவாரி இல்லாம. நீ முன்னாடி போ. நான் உன் பின்னாடிதான் வருவேன். உன்ன முந்தினா என் பாடு போயிடும்யா, நான் போட்ட ரூலு."

நைனா முன் சீட்டுக்கு வந்த வேகத்தை என்னால் வர்ணிக்க முடியாது. உட்கார்ந்து, பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சரி செய்யப் போனார். அதில் மாஸ்க் தொங்கி மறைத்துக்கொண்டிருந்தது. எலுமிச்சம்பழத்திலிருந்து அதை அவிழ்த்தார். புது மாஸ்க் ஒன்றை நீட்டினேன். பழையதைக் கடாசிவிட்டு, புதியதைப் போட்டு, கண்ணாடியைத் துடைத்தார். நான் பாய் மாமா வண்டியில் ஏறினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் தன் வண்டியிலேயே இருந்தார். அம்மாவும் அக்காவும் குழந்தையோடு வந்து பாய் மாமா வண்டியில் ஏறும்வரை திரும்பக்கூட இல்லை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. கூடையைக் காலி செய்துவிட்டுக் காத்திருந்த மீன்கார அத்தை, யாரும் கூப்பிடாமலே மூடிய பக்கத்தில் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரை அவ்வளவு மெதுவாக எந்த ஷேர் ஆட்டோவும் போயிருக்காது. சைக்கிள்கள் எங்களைத் தாண்டின. முன்னால் காலி வண்டி, பலூன்கள், பட்டப்பகலில் எரியும் சீரியல் லைட். மேலே சுருட்டிக் கட்டிய படுதாவிலிருந்து மாப்பிள்ளையின் கூப்பிய கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வேகத்தடை வரும்போதெல்லாம் நைனா கையை வெளியே நீட்டி, மெல்ல, மெல்ல என்று காட்டினார். எதிரில் வந்த லாரிகளை ஓரங்கட்டச் சொல்லி ஹாரன் அடித்தார். வழியில் கை காட்டியவர்களிடம் "சவாரி இல்ல! பின்னாடி பேரன் வரான்!" என்று கத்திக்கொண்டே போனார்.

"இந்த ஆளுக்கு ரோடு முன்னாடி கீதா, பின்னாடி கீதா?" என்றார் அம்மா.

ஸ்டாண்டைக் கடக்கும்போது எல்லா ஓட்டுநர்களும் எழுந்து நின்று முழங்கையில் இருமிக் காட்டினார்கள். மரியாதை செலுத்துகிறார்களாம்.

வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். நைனா தெருவின் எதிர்ப்பக்கம், கரையேற்றி வைத்த படகுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். நான் சொல்லாமலே அவ்வளவு தள்ளிப் போனார். அக்கா துண்டை விலக்கி, குழந்தையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"மூக்கு எங்க வூட்டு மூக்கு!" என்று அங்கிருந்து கத்தினார்.

"அங்கேர்ந்து மூக்கு தெரியுதா?" என்றார் அத்தை.

"எனக்குத் தெரியும். மூக்குதான் நான் முன்னாடியே பாத்தது."

அந்த நேரம் குழந்தைக்கு வெயில் கண்ணில் பட்டதோ என்னவோ, முகத்தைச் சுருக்கி, சின்னதாக ஒரு தும்மல் போட்டான். வாசலில் நின்ற எல்லாரும் வாழ்த்திச் சிரித்தார்கள். தெருவின் அந்தப் பக்கமிருந்து நைனாவின் குரல் வந்தது, மாஸ்க்கையும் மீறி, கண்டிப்பாக.

"கைய மடக்கித் தும்மச் சொல்லுங்கடி! அவன் சித்தி பாத்துக்கினு கீறா!"